வணிகர் மேசையில் கல்யாணப் பூ

பழைய உருவ ஓவியம் எதைப் பார்த்தாலும் முதலில் கையைப் பார்ப்பேன். கையில் பூ இல்லையென்றால் மேசையில் தேடுவேன். ஓவியம் கற்றுக்கொடுக்கும் வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. காசு கொடுத்துத் தன்னை வரையச் சொன்ன மனிதர் பக்கத்தில் சும்மா ஒரு பூவை வைத்திருக்க மாட்டார்.

மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது, ஹான்ஸ் ஹோல்பைன் 1532-ல் லண்டனில் வரைந்த கியார்க் கிஸெயின் படம். கிஸெ டான்சிக் நகரத்து வணிகர். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. லண்டனில் ஜெர்மன் வணிகர்கள் சேர்ந்து வாழ்ந்த ஸ்டீல்யார்டில் அவருக்குத் தொழில். அப்போது வயது 34. அறை முழுக்க வியாபாரம்தான்: தராசு, சாவி, முத்திரை, சுவரோரம் செருகிய கடிதங்கள். கையிலும் ஒரு கடிதம். எதிரே, கம்பளம் விரித்த மேசைமேல் மெல்லிய கண்ணாடிக் குடுவை. அதில் கார்னேஷன் பூக்கள். தண்ணீருக்குள் தெரியும் காம்புகளைக்கூட ஹோல்பைன் விட்டுவைக்கவில்லை.

இன்று ஊட்டியிலிருந்து வந்து நம் கல்யாண மேடைகளை அலங்கரிக்கும் அதே கார்னேஷன்தான். அன்றைய ஐரோப்பாவில் அது நிச்சயதார்த்தப் பூ. கிஸெ 1535-ல் டான்சிக்கில் மணம் முடித்தார். குடுவையில் ரோஸ்மேரியும் இருக்கிறது. அது நினைவுக்கும் மாறாத அன்புக்கும் அடையாளம். கடல் கடந்து பிழைக்கும் மாப்பிள்ளைக்கு எவ்வளவு பொருத்தமான கொத்து!

அதோடு முடியவில்லை. துயரம் கலக்காத இன்பம் இல்லை என்ற பொருளில் ஒரு லத்தீன் வரி பின்சுவரில் எழுதியிருக்கிறது. அதைப் படித்த கண்ணுக்கு, தட்டினால் உடையும் குடுவையும் நாளைக்கு வாடும் பூவும் வேறு மாதிரி தெரியும். கல்யாணச் செய்தியும் நிலையாமையும் ஒரே குடுவையில். இந்தப் படத்தை நான் விடாமல் காட்டுவது இதற்காகத்தான்.

இந்தப் பூவுக்கு இந்தப் பொருள் என்று பட்டியல் போடும் புத்தகங்களை நான் நம்புவதில்லை. ஆல்பிரெக்ட் டியூரர் 1493-ல் தன்னையே வரைந்தபோது கையில் ஒரு முட்செடியைப் பிடித்திருந்தார். மறு ஆண்டே அவருக்குத் திருமணம். அந்தச் செடி கணவனின் விசுவாசம் என்கிறார்கள் சிலர். கிறிஸ்துவின் பாடுகள் என்கிறார்கள் வேறு சிலர். வழக்கு இன்னும் தீரவில்லை.

கிஸெயின் படம் பெர்லின் கெமால்டகாலரியில் இருக்கிறது. இணையத்தில் தெளிவான பிரதி கிடைக்கும். பெரிதாக்கி வைத்து, இந்தப் பூ யாருக்காக என்று வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.