கணக்கைக் கையால் போடாமல் ஏஐ படிப்பா?

கவுன்சலிங் நேரத்தில் பெற்றோர் பலரும் முதலில் விசாரிப்பது, 'ஏஐ அண்டு டேட்டா சயின்ஸ் கிடைக்குமா?' என்பதைத்தான். பொறியியல் கட்-ஆஃப் 200-இல் 100 கணிதத்துக்கே போகிறது. அதில் அள்ளிக் குவித்து வந்த பிள்ளைகளுக்கும் முதல் வருடமே அணிகளிலும் நுண்கணிதத்திலும் அரியர் விழுகிறது. புத்தகக் கணக்கை மனப்பாடமாகப் போட்டுப் பழகிய கை இங்கே தடுமாறிவிடுகிறது.

லேபில் வழக்கமாகத் தரும் ஒரு பயிற்சியைப் பாருங்கள். கையால் எழுதிய 0 முதல் 9 வரையான இலக்கங்களை நிரல் அடையாளம் காண வேண்டும். ஒவ்வொரு படமும் 28-க்கு 28, அதாவது 784 புள்ளிகள். பயிற்சிக்கு 60,000 படங்கள். மிக எளிய ஓரடுக்கு அமைப்புக்கே 7,850 எண்களைச் சரிசெய்தாக வேண்டும். எதை எந்தப் பக்கம் நகர்த்தினால் பிழை குறையும் என்பதைப் பகுதி வகையிடல்தான் சொல்லும். அதில் ஒரு கழித்தல் குறி கூட்டலாகிவிட்டால் பிழை ஏறிக்கொண்டே போகும். ஆனால் திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. நிரல் சமர்த்தாக ஓடி முடியும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பத்துக்கு ஒன்று தேறும். இதில் அதுவும் தேறாது. கோளாறைப் பிடிக்க, ஓர் எண்ணை மட்டும் 0.0001 நகர்த்தி, பிழை எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, தாளில் போட்ட வகைக்கெழுவோடு ஒப்பிட வேண்டும். ஒரு ராத்திரி முழுக்கப் போகலாம். அந்த ராத்திரிதான் படிப்பு.

அது இப்போது கைநழுவிப் போகிறதே என்பதுதான் என் கவலை. கேள்வித்தாளை அப்படியே சாட்பாட்டில் போட்டால் நிமிடத்தில் நிரல் வந்துவிடுகிறது. ரெக்கார்டு நோட்டில் துல்லியம் 90 சதவீதத்துக்கு மேல். வைவாவில் 'கற்றல் வீதத்தை, அதாவது எண்களை ஒரு தடவைக்கு நகர்த்தும் அளவை, பத்து மடங்காக்கினால் என்ன ஆகும்?' என்றால் மௌனம். கருவியைக் கையாளத் தெரிந்தால் வேலைக்குப் போதும் என்று வாதிடுவோர் உண்டு. கருவி தப்பான விடை தரும்போது அதை யார் கண்டுபிடிப்பது? மருத்துவமனை ஸ்கேனையும் வங்கிக் கடன் மனுவையும் அலசும் நிரல்களை நாளை இந்தப் பிள்ளைகள்தானே எழுதப்போகிறார்கள்?

லேப் மதிப்பெண்ணில் பாதியையாவது வைவாவுக்கு ஒதுக்க வேண்டும். மாணவர் கொண்டுவந்த நிரலில் ஒரே ஒரு குறியை ஆசிரியர் மாற்றிவைத்து, 'எங்கே தப்பு?' என்று உட்கார வைக்கட்டும். கல்லூரியைப் பார்க்கப் போகும் பெற்றோரும் பிளேஸ்மென்ட் சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், முதல் வருடக் கணித வகுப்பை யார் எடுக்கிறார், லேபில் வைவா எப்படி நடக்கிறது என்றும் கேட்டுவிட்டுப் பணம் கட்டலாம்.