ஆய்வகம் உண்டு; கற்றுத்தர ஆள் எங்கே?

புதுதில்லி: அரசுப் பள்ளிகளில் 5 ஆண்டுகளில் 50 ஆயிரம் 'அடல் டிங்கரிங்' ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று 2025-26 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். 2016-இல் நீதி ஆயோக் தொடங்கிய இத்திட்டத்தில் பள்ளி ஒன்றுக்கு ரூ.20 லட்சம் வரை மானியம் உண்டு. ரோபோ உதிரிபாகங்களும் முப்பரிமாண அச்சு இயந்திரமும் வாங்கலாம். ஆனால் வெளியிலிருந்து வரும் வழிகாட்டிகள் ஊதியமில்லாத தன்னார்வலர்கள். வந்தால் உண்டு.

ஆள் பற்றாக்குறைக்குக் கேரளம் தேடிய விடை, திருவனந்தபுரம் கரமனையை அடுத்த பூஜப்புரையில் கிடைக்கிறது. அங்கு இயங்கும் மாநில அரசின் 'கைட்' நிறுவனம், 2018-இல் 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்களைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற உறுப்பினர்களே சக மாணவர்களுக்கும் கற்றுத்தர வேண்டும் என்பது ஏற்பாடு. உயர்நிலைப் பள்ளிகளுக்கு 29 ஆயிரம் ரோபோட்டிக்ஸ் பெட்டிகள் வழங்கப்பட்டன. 2025-26 கல்வியாண்டில் 10-ஆம் வகுப்பு மாணவர்கள் சுமார் 4.3 லட்சம் பேருக்கும் ரோபோட்டிக்ஸ் கட்டாயமாயிற்று.

அத்தனை பேருக்கும் மன்ற உறுப்பினர்கள் மட்டும் போதுமா? பக்கத்துக் கல்லூரிப் பொறியியல் மாணவர்களைப் பயிற்சிப் பணிக்கு அழைக்கலாம். செலவுக்குப் பணம்தான் இல்லை. 2024 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் பயிற்சிப் பணித் திட்டம் மாதம் ரூ.5,000 தருவதாகச் சொன்னது. ஆனால் அது 500 பெருநிறுவனங்களுக்கானது. முன்னோட்டச் சுற்றில், முழுநேரம் படித்துக்கொண்டிருந்தவர்கள் விண்ணப்பிக்கவே முடியவில்லை.