ஏரி நிறைந்தால் அடுக்களை மணக்கும்

சித்தூர்க்காரர்கள் வெளியூரில் சந்தித்துக்கொண்டால், பேச்சு கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டுக்கு வந்துவிடும். அடைமழை என்றால் ஏரி நிரம்பி வழியும் கோடியில் பிடித்த மீன், மார்கழி என்றால் பிதுக்குப் பருப்பு, கோடை என்றால் கிளிமூக்கு மாங்காய் போட்டுக் கொதித்த குழம்பு. சென்னையிலும் பெங்களூரிலும் இவை எல்லாமே காசுக்குக் கிடைக்கின்றன. ஆனாலும் ‘அந்த ருசி வரலை’ என்றுதான் பேச்சு முடியும். கைமணம் என்றும் மண்சட்டி என்றும் விறகடுப்பு என்றும் காரணம் சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அந்தக் காரணங்கள் போதவில்லை. நாம் ஏங்குகிற ருசிகள் எல்லாவற்றுக்கும் ஏரிதான் தாய். ஏரியை மறந்துவிட்டு ருசியை மட்டும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு இந்தச் சீமைக்கு வாய்க்கவில்லை. சித்தூரைத் தொட்டுப் போகும் நீவா, வேலூர்ப் பக்கம் பொன்னை என்று பெயர் மாறிப் பாலாற்றில் சேர்கிறது. திருப்பதியை ஒட்டிப் போகும் சுவர்ணமுகி, காளத்தியைக் கடந்து வங்கக்கடலுக்குப் போகிறது. இரண்டும் மழை பெய்தால்தான் ஓடும். அதனால்தான் முன்னோர்கள் ஊருக்கு ஓர் ஏரி வெட்டினார்கள். ஒன்று நிரம்பிக் கோடி போனால், அந்தத் தண்ணீர் அடுத்த ஊர் ஏரிக்குப் போய்ச் சேரும்படி வரிசையாக வெட்டினார்கள்.

இந்த மண்ணின் ஆட்சி எல்லைகள் பலமுறை மாறிவிட்டன. வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைப் பிரித்து, 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953-ல் அது ஆந்திர மாநிலத்துக்குப் போனது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளைத் தெலுங்குப் பள்ளிக்கு அனுப்பின. அடுப்பில் மட்டும் அதே களி, அதே குழம்பு.

கோடி போகும் நாள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பிக் கோடி விட்டால் ஊருக்கே கொண்டாட்டம். புதுத்தண்ணீரை எதிர்த்துக் கெண்டையும் கெளுத்தியும் ஏறி வரும். பெரியவர்கள் வீச்சு வலையோடும் பறியோடும் நிற்பார்கள். பிள்ளைகளுக்கு வேட்டித் துணி போதும். மண்புழுவைக் கோத்துத் தூண்டில் போடுகிறவர்கள் கரையோரம் வேறு உலகத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கோடையில் தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கியதும், சேற்றுக்குள் பதுங்கிய விரால், குரவையைத் தேடி ஊர் இறங்கும்.

அந்த மீனுக்கு வீட்டில் தனி மரியாதை. கல்லுப்பும் சாம்பலும் போட்டு உரசிக் கழுவி, புளியை அளவாகக் கரைத்து, மாங்காய்க் காலமாக இருந்தால் புளியைக் குறைத்து மாங்காயைக் கூட்டி, நல்லெண்ணெய் மிதக்கக் கொதிக்கவிடுவார்கள். அன்று சுடச்சுடக் கேவுரு என்கிற கேழ்வரகுக் களி. மறுநாள் காலை அதே குழம்பின் அடிச்சட்டியோடு பழையது.

இன்று ஏரி மீன் பெரும்பாலும் ஏலத்துக்குப் போகிறது. எடுத்தவர் கட்லா, ரோகு குஞ்சுகளை விட்டு வளர்க்கிறார். 1952-ல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை, பல ஏரிகளில் சொந்தக்காரனாகிவிட்டது. வளர்ப்பு மீன் பலருக்கு வருமானம் தருகிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கோடியில் தண்ணீர் ஓடாத ஆண்டுகளில் சின்ன மீன்கள் ஏறி வர வழியில்லை.

பனியில் பழுக்கும் மொச்சை

சித்தூர்ச் சீமையின் அடையாள உணவு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், நான் பிதுக்குப் பருப்பைச் சொல்வேன். தெலுங்கு வீடுகளில் அனபகாய், நம் வீடுகளில் மொச்சை. ஆடியில் வேர்க்கடலைக் கொல்லையில் ஊடுபயிராக விதைப்பார்கள். வீட்டு வேலியிலும் நாலு விதை ஊன்றுவார்கள். பகல் பொழுது குறுகினால்தான் நாட்டு மொச்சை பூக்கும். அதனால் காய் முற்றுவது மார்கழி, தை. பனி இறங்கினால்தான் மொச்சைக்கு மணம் ஏறும் என்பது இங்குள்ளவர்களின் அனுபவம்.

பச்சை மொச்சையை உரித்து இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் விரலுக்கிடையில் அழுத்தினால் தோல் கையில் நிற்கும். பருப்பு வழுக்கிப் பாத்திரத்தில் விழும். ஒரு வீட்டு வேலைக்கு மூன்று வீட்டுப் பெண்கள் திண்ணையில் கூடுவார்கள். பிறகு தேங்காய், கொத்தமல்லி, பட்டை, கிராம்பு அரைத்து ஊற்றி, கத்தரிக்காயோ உருளையோ சேர்த்துக் குழம்பு. களிக்கும் தோசைக்கும் அதற்கு இணை கிடையாது. வேலூர், ஆம்பூரிலும் எல்லை தாண்டிக் கோலாரிலும் இதே குழம்பு கொதிக்கிறது.

வேலியோர மொச்சைக்கு ஏரி என்ன செய்தது? கோடையில் ஏரியில் அள்ளிய வண்டல்தான் கொல்லைக்கும் தோட்டத்துக்கும் உரம். ஏரியில் தண்ணீர் நின்றால் கிணறு ஊறும். கிணறு ஊறினால் கழுநீர்ப் பாத்தியில் வாழையும் சேம்பும், கூரைமேல் சுரையும், குப்பைமேட்டில் பூசணியும் தானாக வரும். அசுவினிக்கு அடுப்புச் சாம்பல் தூவினால் போதும். தோட்டத்துக்கென்று யாரும் செலவு செய்ததில்லை.

நினைவு மட்டும் போதாது

2021 நவம்பர் மழையில் திருப்பதி மிதந்தது. விஜயநகர காலத்தது என்று சொல்லப்படும் ராயலசெரு ஏரியின் கரையில் நீர் கசிய, கீழேயுள்ள கிராமத்து மக்கள் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். இரவு பகலாக மண்மூட்டை அடுக்கிக் கரை காக்கப்பட்டது. கரையையும் கால்வாயையும் ஆண்டுதோறும் பார்க்காமல் விட்டால், ஏரி ஓர் ஆண்டு காய்ந்து கிடக்கும். இன்னோர் ஆண்டு பயமுறுத்தும். ஆழ்துளைக் கிணறு வந்ததும் நமக்கு ஏரி தேவையற்றதாகத் தோன்றியது. வரத்துக் கால்வாயில் மனை பிரித்தோம். நீர்ப்பிடிப்பில் சீமைக் கருவேலம் மண்டியது.

திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரைக்கு இன்றும் வீட்டுக்கு வீடு கேழ்வரகுக் கூழ் ஊற்றுகிறார்கள். கோடை வெயிலில் ஊர் குளிரவேண்டும், மழை வரவேண்டும் என்ற வேண்டுதல் அது. மழையை வேண்டுகிற நாம், அது வந்தால் நிற்க இடம் வைக்க வேண்டாமா?

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் ஊர்த் திருவிழாவுக்கும் கோயில் திருப்பணிக்கும் மனமாரப் பணம் அனுப்புகிறார்கள். அதில் ஒரு பங்கு ஏரிக்கும் போகட்டும். பங்குனி, சித்திரையில் ஊர் போகும்போது வரத்துக் கால்வாயை ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே அடைத்திருக்கிறது என்று கேளுங்கள். தூர் வாரும் வேலையைக் கிராம சபையில் எழுப்புங்கள். இருக்கும் வீட்டில் தொட்டியளவு மண் இருந்தால், ஆடியில் நாட்டு மொச்சை நாலு விதை ஊன்றுங்கள். முற்றியதில் ஒரு பிடியை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வையுங்கள். பாட்டியின் சமையலைப் புகழ்ந்து பேச நமக்கு உரிமை உண்டு. அந்தச் சமையலுக்குத் தண்ணீரும் மீனும் விதையும் கொடுத்த ஏரியைக் காக்கும் கடமையும் அந்த உரிமையோடு சேர்ந்ததுதான்.