மூன்று மாதம் மட்டும் என்று தொடங்கியவர்

1884-ஆம் ஆண்டு, அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஒரு சனிக்கிழமை. மதுக்கடை வாசலில் 28 வயதுக் கூலித் தொழிலாளி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அந்த வாரம் வேலைக்குப் போகாததால் கையில் காசில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு வரும் கூட்டாளிகளில் யாராவது குடிக்கக் கூப்பிடுவார்கள் என்று நம்பினார். காசு இருந்த நாட்களில் அவர்களுக்கெல்லாம் தாராளமாக வாங்கிக் கொடுத்தவர் அவர். அன்று ஒருவரும் கூப்பிடவில்லை.

மாட் டால்பட் என்ற அந்தத் தொழிலாளி 1856-இல் பிறந்தவர். பன்னிரண்டு பிள்ளைகளில் இரண்டாமவர். பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். 12 வயதிலேயே மதுவைப் புட்டியில் அடைக்கும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, மீசை முளைக்கும் முன்பே குடிக்கப் பழகிவிட்டார். அடுத்து வேலை பார்த்த துறைமுகக் கிடங்கிலும் விஸ்கிதான் சரக்கு. சம்பளம் அப்படியே கடைக்குப் போகும். போதாவிட்டால் கடன், இல்லையென்றால் காலில் கிடக்கும் பூட்ஸ் அடகுக்குப் போகும். ஒருமுறை தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஒருவரின் பிடிலையே கூட்டாளிகளோடு சேர்ந்து திருடி விற்றுக் குடித்தார்.

அந்தச் சனிக்கிழமை வழக்கத்துக்கு மாறாகப் போதையில்லாமல் வீடு திரும்பியவர், குடியை விடச் சத்தியம் செய்யப்போவதாகத் தாயிடம் சொன்னார். காப்பாற்ற முடியாவிட்டால் அந்தச் சத்தியத்தைச் செய்யாதே என்றார் தாய். மகன் கிளான்லிஃப் குருமடத்துக்குப் போய், பாவசங்கீர்த்தனம் செய்து, மூன்று மாதத்துக்கு மட்டும் குருவானவர் முன் சத்தியம் செய்துகொடுத்தார். குருவானவர் முன் குடியை விடுவதாகச் சத்தியம் செய்வது அயர்லாந்துக்குப் புதிதல்ல. 1838-லேயே தியோபால்ட் மேத்யூ என்ற துறவி அதைப் பெரிய மக்கள் இயக்கமாக்கியிருந்தார். செய்தவர்கள் ஏராளம், மீறியவர்களும் ஏராளம்.

டால்பட் எப்படித் தாக்குப்பிடித்தார்? பக்தி என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அவர் வாழ்க்கையை உற்றுப் பார்த்தால், அந்தப் பக்திக்கு ஒரு கறாரான நேர அட்டவணை இருந்தது தெரிகிறது.

குடிகாரருக்கு ஆபத்தான நேரம் வேலை முடிந்த மாலை. பழைய கூட்டாளிகள், பழைய தெரு, எல்லாம் அங்கேயேதான் இருக்கும். டால்பட் அந்த நேரத்தில் ஊரைச் சுற்றி நடப்பார். கால் வலித்தால் எதிர்ப்படும் ஏதாவது ஒரு கோவிலுக்குள் போய் முழங்காலில் நின்றுவிடுவார். ஆரம்ப நாட்களில் ஒரு தடவை சபலம் தட்டி, பையில் காசோடு மதுக்கடைக்குள் நுழைந்தார். கடைக்காரர் வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொண்டிருந்தாரே ஒழிய, இவரைக் கண்டுகொள்ளவில்லை. கோபத்தோடு வெளியேறிய டால்பட், அன்றிலிருந்து கையில் காசு வைத்துக்கொள்வதையே விட்டார். வாழ்க்கை வரலாறுகளில் வரும் இந்தச் சின்ன நிகழ்ச்சி பத்துப் பிரசங்கங்களை விட அதிகம் சொல்கிறது. நம்பிக்கை அவருக்கு மன உறுதியைக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த உறுதியை அளவுக்கு மீறிச் சோதித்துப் பார்க்கும் அசட்டுத் துணிச்சல் அவரிடம் இல்லை.

காலையில் ஐந்து மணிப் பூசை. அந்தப் பூசையின் நேரம் தள்ளிப்போனபோது அவர் பூசையை விடவில்லை, வேலையை மாற்றிக்கொண்டார். எட்டு மணிக்குத் தொடங்கும் மரக்கடை ஒன்றில் சேர்ந்தார். மதிய இடைவேளையில் அங்கேயே ஒதுங்கிச் செபம் செய்வார். இரவில், தட்டுத்தடுமாறிப் படிக்கக் கற்றுக்கொண்டவர், புனித அகுஸ்தினாரின் நூல்களோடு உட்காருவார். புகையையும் விட்டார். குடியை விடுவதைக் காட்டிலும் அதுதான் கஷ்டமாக இருந்தது என்று பின்னாளில் சொன்னாராம்.

பழைய கணக்குகளையும் அவர் மறக்கவில்லை. மதுக்கடைகளில் வைத்திருந்த கடன்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தார். பிடில்காரரைத் தேடி அலைந்தும் ஆள் கிடைக்கவில்லை. பிடிலுக்கான பணத்தை அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசைக்குக் கொடுத்தார்.

மூன்று மாதச் சத்தியம் ஆறு மாதமாகி, பிறகு ஆயுள் முழுமைக்குமானது. 1925 ஜூன் 7 அன்று, பூசைக்குப் போகும் வழியில், கிரான்பி சந்தில் விழுந்து இறந்தார். 41 ஆண்டுகள் ஒரு சொட்டு மதுவும் தொடவில்லை. மருத்துவமனையில் அவர் உடலில் தவச் சங்கிலிகள் சுற்றியிருந்ததைக் கண்டார்கள். அதன் பிறகுதான் ஊருக்கே அவர் பெயர் தெரிந்தது. இன்றும் அந்தச் சங்கிலிகளைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். அந்தத் தவத்தைப் பின்பற்ற வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. 1975-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார்.

டால்பட் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1935 ஜூனில், அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் குடியை விட விரும்புகிறவர்களுக்கான 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பைத் தொடங்கினார்கள். இருவரும் ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் பழகியவர்கள். குற்றத்தை ஒப்புக்கொள்வது, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு செய்வது, தினமும் அமைதியாகச் செபிப்பது என்று டால்பட் வாழ்க்கையிலும் பார்த்த பழக்கங்களை அங்கிருந்தே எடுத்துக்கொண்டார்கள். எந்த மதத்தையும் சாராத அமைப்பாக அது பிறகு உலகமெங்கும் பரவியது, இந்தியாவிலும் இயங்குகிறது.

டால்பட் தன் முதல் நாட்களைச் செபத்தையும் நடையையும் மட்டும் துணையாகக் கொண்டு கடந்தார். அதை இன்று யாரும் அப்படியே செய்ய வேண்டாம். பல ஆண்டுகள் கடுமையாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். ஆகவே, வீட்டில் யாராவது குடியை விட முடிவெடுத்தால், பீடத்தின் முன் சத்தியம் செய்யப் போகும் அதே நாளில் மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள்.