பஞ்சு ஜக்கெற்றில் பெயர் பதிக்கும் நுட்பம்

வடமராட்சியிலுள்ள தொண்டைமானாற்றின் மார்கழிக் குளிருக்கு ஒரு சால்வை போதும். ஆனால் அங்கிருந்து கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் போய்க் குடியேறியவர்களில் வீதித் திருத்தம், கட்டடம், களஞ்சியம் என்று வேலை செய்கிறவர்களுக்குப் பஞ்சு வைத்துத் தைத்து, வெள்ளிப் பட்டி பதித்த ஒளிரும் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் ஜக்கெற்தான் பனிக்காலச் சீருடை. அதன் முதுகில் நிறுவனத்தின் பெயரைப் பதிப்பது, ரி-சேட்டில் படம் பதிப்பதுபோல் சுலபமான வேலை அல்ல.

பதிப்பதற்குப் பயன்படும் வினைல் மிக மெல்லிய படலம். அதன் அடிப்பக்கத்தில் சூட்டில் உருகும் பசை இருக்கிறது. வெட்டும் இயந்திரம் எழுத்துகளை இடவலம் மாற்றி வெட்டும். வேண்டாத பகுதியை உரித்துவிட்டு, மிச்சத்தைத் துணியில் வைத்து ஹீற் பிரஸ் என்னும் சூட்டு இயந்திரத்தால் அழுத்துவார்கள். பருத்தி ரி-சேட்டுக்கு 150 பாகை செல்சியசை ஒட்டிய சூடும் பத்துப் பதினைந்து செக்கனும் போதும்.

அதே சூடு பஞ்சு ஜக்கெற்றைப் பழுதாக்கிவிடும்.

குளிரைத் தடுப்பது பஞ்சுக்குள் அடைபட்டிருக்கும் காற்று. அந்தப் பஞ்சு பெரும்பாலும் பொலியெஸ்டர் இழை என்பதால், கடுஞ்சூட்டில் அழுத்தினால் தட்டையாகிவிடும். பிறகு பழையபடி எழும்பாது. வெளித்துணியின் ஒளிர்சாயமும் சூட்டில் கிளம்பி வெள்ளை எழுத்துக்குள் ஏறி, அதை மஞ்சளாக்கும். மழைநீர் வழிந்தோடுவதற்காகத் துணிக்குப் பூசியிருக்கும் பூச்சில் பசை எளிதில் பிடிக்காது. தையலும் சிப்பும் குறுக்கே வந்தால் அழுத்தம் சமமாக விழாது.

அனுபவமுள்ளவர்கள் இதற்கெல்லாம் வழி வைத்திருக்கிறார்கள். 120 முதல் 130 பாகையில் ஒட்டக்கூடிய வினைலை, சாயத்தைத் தடுக்கும் அடுக்கு உள்ளதாகப் பார்த்து வாங்குகிறார்கள். சில ஜக்கெற்றுகளின் உள்துணியில் இதற்கென்றே ஒரு சிப் இருக்கும். அதைத் திறந்து, பஞ்சை ஒதுக்கி, வெளித்துணியை மட்டும் அழுத்தலாம். பதிக்கும் இடத்துக்கு அடியில் சிறு மெத்தை வைத்தால் அந்த இடம் உயர்ந்து, தையல்கள் தாழ்ந்து நிற்கும். எம்பிராய்டரி செய்தால் ஊசித் துளைகளால் நீர் புகும் என்பதாலும் பலர் வினைலையே நாடுகிறார்கள்.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு; ஜக்கெற் தூரத்திலேயே கண்ணில் பட வேண்டும். பகலில் ஒளிர்துணி கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருகிறது. இரவில் வெள்ளிப் பட்டியிலுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள் வாகன வெளிச்சத்தைச் சாரதியிடமே திருப்பி அனுப்புகின்றன. ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் பின்பற்றப்படும் ஈஎன் ஐஎஸ்ஓ 20471 தரத்தின் உயர்ந்த வகுப்புக்கு, குறைந்தது 0.80 சதுர மீற்றர் ஒளிர்துணியும் 0.20 சதுர மீற்றர் பட்டியும் வேண்டும். முதுகு முழுவதும் பெயரை நிரப்பினால் ஒளிர்பரப்பு இந்த அளவுக்குக் கீழே போய்விடலாம். பட்டியின் மேல் எழுத்து ஏறவே கூடாது.

இந்த அறிவு ஊருக்கும் பயன்படும். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதிக் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குப் புறப்படும் பாதயாத்திரை அடியார்கள் வாகனங்கள் ஓடும் வீதிகளில் வாரக்கணக்கில் நடக்கிறார்கள். விடியுமுன் நடப்பவர்களுக்குப் பஞ்சில்லாத மெல்லிய ஒளிர்மேலங்கி பெரும் காவல். அதில் யாத்திரைக் குழுவின் பெயரை நெஞ்சுப் பக்கத்தில் சிறிதாகக் குறைந்த சூட்டில் பதித்து, முதுகையும் பட்டிகளையும் வெறுமையாக விட்டுவிட்டால், பின்னால் வரும் லொறிச் சாரதிக்கு அவர்கள் தூரத்திலேயே தெரிவார்கள்.