பாடகர்களை விளைவித்த தீவுகள்

ஜப்பானின் தெற்குக் கோடியில் தைவானை நோக்கி நீளும் தீவு வரிசையான ஒகினாவா மாகாணம், அந்நாட்டின் நிலப்பரப்பில் 1 விழுக்காட்டை எட்டாத இடத்தையும், மக்கள்தொகையில் ஏறத்தாழ 1 விழுக்காட்டையுமே கொண்டது. ஆயினும் கடந்த அரை நூற்றாண்டில் ஜப்பானிய மெல்லிசையிலும் ராக் இசையிலும் நாட்டுப்புறப் பாடலிலும் அந்தச் சிறு மாகாணத்தார் பெற்ற இடம் அதன் அளவுக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்குப் பெரியது. தீவு மக்களின் இரத்தத்திலேயே இசை ஊறியிருக்கிறது என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். வரலாற்றை அடுக்கடுக்காகப் பார்த்தால், அரசவைக் கடமை, ஊர் வழக்கம், போர், அயல்நாட்டுப் படைத்தளம், பயிற்சிப் பள்ளி எனக் காலந்தோறும் மாறிய சூழல்களே அங்கே பாடகர்களை உருவாக்கின என்பது புலப்படும்.

ஒகினாவா முன்னர் ஜப்பானின் பகுதியாக இருக்கவில்லை. 1429-இல் ஒன்றுபட்ட ரியூக்யூ என்னும் தனி அரசு அங்கே ஆண்டது. அது சீனப் பேரரசுக்குத் திறை செலுத்தியும், தென்கிழக்காசியத் துறைமுகங்களோடு வணிகம் செய்தும் வளர்ந்தது. 1609-இல் ஜப்பானின் சத்சுமா குறுநிலத்தாரின் படையெடுப்புக்குப் பணிந்தது. 1879-இல் ஜப்பானிய மாகாணமாக்கப்பட்டது. இந்த அரசின் கடல்வழித் தொடர்புகளைச் சான்ஷின் என்னும் ஒரே இசைக்கருவியில் காணலாம். சீனத்திலிருந்து வந்த மூன்று நரம்புக் கருவியின் வழிவந்த சான்ஷினின் குடத்தைப் போர்த்தியிருப்பது மலைப்பாம்புத் தோல். ஒகினாவாவில் மலைப்பாம்பு இல்லாததால் அத்தோல் வணிகக் கப்பல்களில் வந்து சேர்ந்தது. கழுத்துப் பகுதிக்கு மட்டும் குருச்சி எனப்படும் உள்ளூர்க் கருங்காலி மரம் உகந்தது. வாசிப்பவர் எருமைக் கொம்பில் செய்த ஒரு கூட்டை ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொண்டு நரம்பைத் தட்டுகிறார். இந்தக் கருவியே 16-ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் சக்காய் துறைமுகத்துக்குச் சென்று, பாம்புத் தோலுக்கு மாற்றாகப் பூனை, நாய்த் தோல் போர்த்தப்பட்டு, ஷாமிசென் என்னும் புகழ்பெற்ற கருவியாயிற்று.

ரியூக்யூ அரசில் இசை பொழுதுபோக்காக மட்டும் இல்லாமல் அரசுப் பணியாகவும் இருந்தது. புதிய மன்னருக்குப் பட்டம் அளிக்கச் சீனத் தூதர்கள் கப்பலில் வந்து மாதக்கணக்கில் தங்கும்போது, அவர்களுக்குக் கலை நிகழ்ச்சி வழங்குவது அரசவையின் கடமையாயிற்று. அதற்கெனத் தாமகுசுகு சோக்குன் என்னும் அதிகாரி, பாட்டும் ஆட்டமும் உரையாடலும் கலந்த குமி ஒதோரி என்னும் நாடக வகையை உருவாக்கி, 1719-இல் தூதர்கள் முன் அரங்கேற்றினார். 2010-இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபாக ஏற்றது. குமி ஒதோரி தோன்றிய 18-ஆம் நூற்றாண்டிலேயே, பார்வையிழந்த இசைவாணரான யகாபி சோக்கி, சீன எழுத்துகளைக் கட்டங்களில் அடுக்கி எழுதும் குங்குன்ஷி என்னும் இசைக்குறிப்பு முறையை வகுத்தார். சான்ஷின் பயில்வோர் இன்றும் அம்முறையின் வளர்ந்த வடிவத்தையே பயன்படுத்துகின்றனர்.

ஒகினாவாப் பாடல்களைக் கேட்ட மாத்திரத்தில் அடையாளம் காட்டுவது அவற்றின் சுர வரிசை. ரிஷபமும் தைவதமும் நீங்கிய அந்த வரிசையில் சட்ஜம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், காகலி நிஷாதம் ஆகிய ஐந்து சுரங்களே உண்டு. கர்நாடக இசையில் கம்பீரநாட்டை ராகத்தின் சுரங்களும் இவையே. கோயில் புறப்பாட்டில் நாகசுரம் வாசிக்கும் மல்லாரியைக் கேட்டுப் பழகிய செவிக்கு ஒகினாவாப் பாடல் முற்றிலும் அயலாகத் தோன்றாததற்கு இந்தப் பொருத்தம் ஒரு காரணமாகலாம். எனினும் இது சுரங்களின் ஒற்றுமை மட்டுமே, இரண்டும் நடக்கும் விதம் வேறு வேறு.

அரசு வீழ்ந்தபின், வாழ்விழந்த அரசவைக் கலைஞர்கள் நாஹா நகரில் கட்டணம் வாங்கி ஆடிப் பாடத் தொடங்க, அரண்மனை இசை பொதுமக்களிடம் இறங்கியது. ஊர்ப்புறத்திலோ, வேலை முடிந்த இரவுகளில் இளம் ஆண்களும் பெண்களும் திறந்த வெளியில் கூடிச் சான்ஷினுடன் பாடி ஆடும் மோ அஷிபி என்னும் வழக்கம் வேறொரு பாசறையாக இருந்தது. ஒழுக்கக் கேடு என்று அதிகாரிகள் இதை ஒடுக்க முயன்ற காலத்திலேயே, பிற்காலத்தில் தீவுப் பாடலின் தலைமகனாகப் போற்றப்பட்ட கடேகரு ரின்ஷோ (1920–1999) அத்தகைய கூட்டங்களில் பாடி வளர்ந்தார். வறுமையால் ஒசாக்காவின் ஆலைகளுக்கு வேலை தேடிப் போனவர்களோடு பாடலும் பயணம் செய்தது. அங்கே குடியேறிய பாடகர் ஃபுகுஹாரா சோக்கி 1927-இல் மாருஃபுகு என்னும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கி, ஊரைப் பிரிந்தோரின் ஏக்கத்தைத் தட்டுகளில் பதித்து விற்றார்.

1945-இல் ஏறத்தாழ மூன்று மாதம் நீடித்த ஒகினாவாப் போரில் 2,00,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாகாண மக்களில் நான்கில் ஒருவர் உயிரிழந்ததாக மதிப்பிடப்படுகிறது. எஞ்சியோர் அமெரிக்கப் படையின் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அங்கே அவர்கள் படையினர் எறிந்த தகர டப்பாவைக் குடமாகவும், கட்டில் சட்டத்தைக் கழுத்தாகவும், பாரசூட் நூலை நரம்பாகவும் கொண்டு சான்ஷின் செய்துகொண்டனர். பல் மருத்துவரும் நகைச்சுவைக் கலைஞருமான ஒனாஹா பூத்தேன், தெருயா ரின்சுகே என்னும் இளைஞரை உடன் அழைத்துக்கொண்டு, இஷிகாவா பகுதியில் இரவுகளில் வீடு வீடாகச் சென்று, உயிர் பிழைத்ததைக் கொண்டாட வேண்டும் என்று சொல்லிப் பாடினார். துக்க வீட்டில் பாட்டு எதற்கு என்று வருந்தியோரையும் அவர் மெல்லச் சிரிக்க வைத்தார். அந்த இளைஞரின் மகனான தெருயா ரின்கென் 1977-இல் தொடங்கிய ரின்கென் இசைக்குழு, தீவின் மொழியையும் மின்னிசைக் கருவிகளையும் இணைத்துப் புகழ்பெற்றது.

1972 வரை நீடித்த அமெரிக்க ஆட்சியில், கடேனா விமானத் தளத்தின் வாயிலில் வளர்ந்த கோசா நகரம் இசைக்கலைஞர்களுக்கு ஊதியம் தரும் களமாயிற்று. வியட்நாம் போருக்குச் செல்லும் படையினர் மது விடுதிகளில் தங்கள் நாட்டு ராக் இசையையே கேட்டனர். பிழையாக வாசித்தால் பொறுக்கவும் மாட்டார்கள். முராசாகி, கண்டிஷன் கிரீன் ஆகிய குழுக்கள் அந்தக் கடுமையான அவையில் தேறியவை. அதே கோசாவில் நாட்டுப்புறப் பாடகரின் மகனாக 1948-இல் பிறந்த கினா ஷோக்கிச்சி, பள்ளிப் பருவத்தில் எழுதிய 'ஹைசாய் ஒஜிசான்' பாடலில் சான்ஷினின் விரைவான தாளத்தை ராக் குழுவுக்குள் கொண்டுவந்தார். அமெரிக்கக் கிதார் கலைஞர் ரை கூடர் உடன் வாசிக்க, 1980-இல் வெளிவந்த அவருடைய 'ஹனா' ஆசிய மொழிகள் பலவற்றில் பாடப்பட்டது.

ஜப்பானுக்குச் செல்லக் கடவுச்சீட்டு தேவைப்பட்ட அக்காலத்திலேயே, 1971-இல், ஒகினாவாப் பாடகி மினாமி சவோரி தோக்கியோவில் அறிமுகமாகித் தேசியப் புகழ் பெற்றார். அடுத்த தலைமுறைக்கு வழி திறந்தது, 1983-இல் மகினோ மசாயுகி தொடங்கிய ஒகினாவா ஆக்டர்ஸ் ஸ்கூல் என்னும் பயிற்சிப் பள்ளி. நாஹாவில் 1977-இல் பிறந்த அமுரோ நமியே அங்கே கட்டண விலக்குடன் சேர்ந்து, பேருந்துச் செலவை மிச்சப்படுத்த நடந்தே சென்று பயின்றவர். 1992-இல் சூப்பர் மங்கீஸ் குழுவில் அறிமுகமான அவர், பின்னர் தனிப் பாடகியாக நாட்டின் இளம்பெண்களின் உடையையும் ஒப்பனையையும்கூட மாற்றுமளவுக்கு உயர்ந்து, 2018 செப்டம்பரில் மேடையிலிருந்து விலகினார். அவருடைய பாடல்களில் தீவின் சுர வரிசையைத் தேடினால் பெரிதும் ஏமாற்றமே மிஞ்சும். கோசாவின் விடுதிகளிலும் வானொலியிலும் ஊறிய அமெரிக்க நடன இசையே அவற்றுக்கு அடிப்படை.

சான்ஷின் மரபு மறுபுறம் வேறு வழியில் பரவியது. இஷிகாகித் தீவைச் சேர்ந்த பிகின் குழு இசையமைத்து, பாடகி மொரியாமா ரியோக்கோ இறந்துபோன தம் அண்ணனை நினைத்து வரிகள் எழுதிய 'நாதா சோசோ', அதே தீவினரான நாட்சுகாவா ரிமியின் குரலில் 2001-இல் வெளிவந்து நாடெங்கும் ஒலித்தது. அதே ஆண்டில், பெரிய நிறுவனத்தைச் சாராத மங்கோல் 800 என்னும் மூவர் ராக் குழுவின் 'மெசேஜ்' தொகுப்பு 20 லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆனால் உலகம் அதிகம் அறிந்த ஒகினாவாப் பாடலான 'ஷிமா உத்தா'வை 1992-இல் எழுதியவர் தீவினர் அல்லர். போரில் இறந்த மாணவியருக்கான நினைவகத்தைக் கண்டு கலங்கிய, யமனாஷி மாகாணத்து மியாசாவா கசுஃபுமி. சான்ஷினுக்கான தேவை பெருகி முதிர்ந்த கருங்காலி அரிதாகியிருந்த நிலையில், நூறாண்டு கழித்துப் பயன்தரும் குருச்சிக் கன்றுகளை யோமித்தான் ஊரில் நட்டு வளர்க்கும் திட்டத்தில் அவரும் பிற்பாடு இணைந்தார்.

இத்தனை வளத்துக்கு நடுவே ஒரு முரண் உண்டு. பள்ளியில் தாய்மொழி பேசிய சிறுவரின் கழுத்தில் தண்டனைப் பலகை மாட்டப்பட்ட காலம் ஒகினாவாவில் இருந்தது. அதன் விளைவாக, தீவின் மொழிகள் அழியும் அபாயத்தில் இருப்பவை என்று யுனெஸ்கோ 2009-இல் பட்டியலிட்டது. அன்றாடம் பேசத் தெரியாத மொழியில் பாடும் இளம் பாடகர்கள் இன்று பலர். 1986-இல் ஷுரியில் தொடங்கிய மாகாணக் கலைப் பல்கலைக்கழகமும், 2004-இல் உராசோயேவில் திறக்கப்பட்ட தேசிய அரங்கும் அரசவைக் கலையைக் கற்பிக்கவும் மேடையேற்றவும் வழிசெய்துள்ளன. மோ அஷிபிக் கூட்டத்தையோ வீட்டுத் திண்ணைப் பேச்சையோ அவற்றால் ஈடுசெய்ய இயலாது. பாடகர்களை விளைவித்தது இரத்தமன்று, வாழ்ந்த முறையே என்றால், இசையைக் காப்பது என்பது பாடல்களைப் பதிவு செய்வதோடு முடிவதில்லை. அவை பாடப்பட்ட மொழியைப் பேசும் வீடுகளையும் காப்பதில்தான் அது நிறைவுபெறும்.