காளியம்மா எப்படிக் கலியம்மா ஆனார்?

நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றில் பிறந்த பெண்ணின் பெயர் மூன்று மொழி எழுத்துகளில் எழுதப்படுகிறது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அவர் காளியம்மா. தோட்டத்துப் பெயர்ப்பதிவேடான செக்ரோலில் கிளாக்கர் அதை ஆங்கிலத்தில் எழுதுகிறார். பிறப்பைப் பதிந்தவர் தமிழ் தெரியாத பதிவாளர் என்றால் சான்றிதழில் சிங்கள எழுத்து. பல ஆண்டு கழித்து ஓர் அலுவலகத்தில் அதே பெயரைத் தமிழில் எழுத வேண்டி வரும்போது, அவரிடம் கேட்டு எழுதுவதில்லை. முன்னால் கிடக்கும் ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். நாம் வழக்கமாக எழுதும் ஆங்கிலத்தில் குறில் நெடில் தெரியாது. லகரம், ளகரம், ழகரம் மூன்றும் ஒன்றே. காளியம்மா கலியம்மா ஆகிறார், பழனி பலனி ஆகிறார். இதை எழுதியவரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. மூன்று வடிவங்களில் எது மூலம், எது பெயர்ப்பு என்று யாரும் தீர்மானிக்கவில்லை. மலையகத் தமிழரின் பெயருக்குத் தமிழெழுத்தே மூலம் என்று பதிவுமுறை ஏற்காதவரை இந்தக் குழப்பம் தீராது என்பதே என் வாதம்.

சிங்களமும் தமிழும் பிராமியிலிருந்து வந்த எழுத்துகள்தாம். ஆனாலும் ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை. தமிழில் ஒரே ககரம் இரண்டு ஒலிக்கும் நிற்கிறது. தகரமும் பகரமும் அப்படியே. சிங்களத்தில் வல்லொலிக்கு ஓரெழுத்து, மெல்லொலிக்கு வேறெழுத்து. ஆகவே கந்தசாமி என்று எழுத உட்காரும் சிங்கள எழுத்தர் நடுவிலுள்ள தகரத்துக்கு எந்த எழுத்து என்று முடிவெடுத்தே ஆகவேண்டும். ஒருவர் ஒன்றை எழுதுவார், அடுத்த மேசையில் இருப்பவர் மற்றதை எழுதுவார். இருவர் மீதும் பிழை சொல்ல முடியாது. ழகரத்துக்குச் சிங்களத்தில் எழுத்தே இல்லை. லகரமாகவோ ளகரமாகவோ போய்ச்சேரும். ஆங்கிலத்தில் இன்னும் மோசம். சின்னையா என்ற தந்தை பெயரை ஒரு பிள்ளைக்கு ‘எஸ்’ஸில் தொடங்கி எழுதுவார்கள், இன்னொரு பிள்ளைக்கு ‘சி’யில். முதலெழுத்தே மாறிவிட்டால், காகிதத்தை மட்டும் பார்ப்பவருக்கு அவர்கள் இரு குடும்பத்தார்.

பெயர் எங்கும் நாலு விதமாகத்தான் எழுதப்படுகிறது, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இல்லாத சிக்கலா என்று கேட்கலாம். சிக்கல் அங்கும் உண்டு; விளைவுதான் ஒன்றல்ல. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனக் கணக்கிட்டுப் பிரிக்கப்பட்டு, எஞ்சியோர் குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்த சமூகம் மலையகத் தமிழர். யார் இங்கே பிறந்தவர், யாருடைய பிள்ளை என்பதைக் காகிதத்தால் நிரூபித்தே இவர்கள் வாழ வேண்டியிருந்தது. அந்தக் காகிதத்தில் ஓரெழுத்து பிசகினால் என்ன ஆகும் என்பதைத் தோட்டத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஊழியர் சேமலாப நிதி 1958இல் வந்தது. அடையாள அட்டை 1972இல். நிதிக் கணக்கில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர் என்றால் ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்துச் சேர்த்த பணம் கைக்கு வராமல் இழுபடும். சத்தியக்கடதாசி முடிக்கச் சமாதான நீதவானிடம், உறுதிப்படுத்தக் கிராம உத்தியோகத்தரிடம், திருத்தப் பிரதேச செயலகத்துக்கு என்று பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ உள்ளவர் அலைய வேண்டும். போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும். மாதச் சம்பளக்காரருக்கு இது வெறும் அலைச்சல். இவர்களுக்கு அடுப்பில் தட்டும்.

இன்னொரு மறுப்பு தமிழ் மரபிலிருந்தே வரும். வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள் என்றுதானே தொல்காப்பியம் சொல்கிறது. சிங்களவர் நம் பெயரைத் தம் எழுத்துக்கு இசைய எழுதினால் என்ன குறை என்று. சொல்லுக்கு அது நல்ல விதி. மலையக மக்களே லபுக்கலை, தலவாக்கலை என்று ஊர்ப்பெயர்களைத் தம் நாவுக்குப் பழக்கிக்கொண்டவர்கள்; அதனால் யாருக்கும் நட்டமில்லை. ஆட்பெயர் அப்படியல்ல. மற்ற எழுத்தில் எப்படி எழுதினாலும் சரி, அங்கிருந்து மூலத்துக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும்.

கணினியிடம் கொடுத்துவிடலாமே என்பவர்களும் உண்டு. 2001இல் வெளியான ஐஎஸ்ஓ 15919 என்னும் தரம் தமிழ், சிங்களம் உட்பட இந்திய எழுத்துகளை ரோமன் எழுத்துக்குக் கொண்டுபோக நல்ல அட்டவணை தருகிறது. ஆனால் அது நெடிலையும் ளகர ழகரத்தையும் மேற்கோடு, கீழ்ப்புள்ளி, கீழ்க்கோடு இட்டுக் காட்டுவது. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரிகளில் இருபத்தாறு எழுத்துகளுக்கு மேல் இடமில்லை. புள்ளியும் கோடும் உதிர்ந்தால் காளியம்மா மறுபடி கலியம்மாதான். கோபால் என்பதில் முதல் ஒலி எது என்பதும் தமிழெழுத்தில் இல்லை, சொல்பவர் வாயில் இருக்கிறது. உரியவரைக் கேட்காமல் மேலிருந்து மாற்றினால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு 2020 ஜூனில் பார்த்தது. 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. வேலூரை எழுதியிருந்த விதத்தைப் பார்த்து ‘வீலூர்’ என்றுதானே படிக்க வரும் என்று ஊரார் கேட்டார்கள். சில நாளில் ஆணை திரும்பப் பெறப்பட்டது.

எனவே அட்டவணை வேண்டும், ஆனால் அதற்கு முன் தமிழில் எழுதிய பெயர் வேண்டும், சொன்னவரின் ஒப்புதல் வேண்டும். பிறப்புப் பதியும்போதே தாயோ தந்தையோ தமிழில் பெயரை எழுதிக் காட்டி, சிங்கள, ஆங்கில வடிவங்களை வாசிக்கக் கேட்டு ஒப்புக்கொண்டால், பிறகு எந்த அலுவலகமும் அவற்றை மட்டுமே படியெடுக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. தமிழும் ஆட்சிமொழி என்று 1987இலேயே ஆயிற்று. நுவரெலியா மாவட்டப் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழி நிருவாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. பதிவேட்டின் தமிழ் மொழிபெயர்ப்பைப் பெறும் உரிமையும் இருக்கிறது. ஆனால் சிங்களத்தில் மட்டும் பதிந்த பெயரைத் தமிழுக்குக் கொண்டுவருபவர் மறுபடி ஊகிக்கத்தான் வேண்டும். அவருக்கு முன்னால் மூலம் இல்லை. 2017இல் வந்த இலத்திரனியல் அடையாள அட்டை மூன்று மொழியிலும் பெயர் தாங்குகிறது. நல்லதுதான், ஆனால் மூலம் எது என்று தெரியாமல் அச்சிட்டால் பிழையும் மூன்று மொழியில் அச்சாகும். ஓய்வை நெருங்கும் தொழிலாளர்கள் அடுத்த தலைமுறைக்கான இந்த ஏற்பாட்டுக்குக் காத்திருக்க முடியாது. வேறுபட்ட எழுத்துக்கூட்டல்கள் எல்லாம் இந்த ஒருவருக்கே உரியவை என்று உறுதிசெய்யும் ஒரே சான்றை, எல்லா அலுவலகங்களும் ஏற்கும்படி, கட்டணமின்றி, தோட்டத்துக்கே வரும் நடமாடும் சேவையில் அவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும்.